மூன்றரை மணிக்கு இருட்டிவிடும் ஊருக்கு, வேலூரிலிருந்து

வேலூர்க்காரி ஒருத்தி குளிர்காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஊரில் சிரிப்பார்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும் இந்த ஊரில் மார்கழி என்பது மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளக் கிடைக்கும் சலுகை, அவ்வளவுதான். தை மாத விடியலில் திருப்பத்தூர்ப் பக்கம் சில நாள் 15 டிகிரியை ஒட்டி இறங்கும். பெங்களூரு நெடுஞ்சாலையில் பனிமூட்டத்துக்குள் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். ஏலகிரியிலும் சவ்வாது மலையிலும் வாசலில் சுள்ளியைக் கொளுத்திக் குளிர் காய்வார்கள். எட்டரை மணி வெயில் ஏறியதும் அத்தனையும் கலைந்துவிடும்.

ஆனால் இங்குள்ள பல குடும்பங்களுக்கு இன்று இன்னொரு குளிர்காலமும் இருக்கிறது. செவிலியர் படிப்புக்குப் பேர்போன ஊர் என்பதால், எந்தத் தெருவில் விசாரித்தாலும் மகளோ மருமகளோ இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ கனடாவிலோ வேலை பார்க்கும் வீடு ஒன்று அகப்படும். நானும் அப்படிப் போனவள்தான். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபர்டீன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, இப்போது சத்துவாச்சாரியில் அம்மாவோடு இருக்கிறேன். என் அக்கா மகள் இப்போது அதே அபர்டீனில், அதே வேலையில். கார்த்திகை பிறந்தால் எங்கள் தொலைபேசிப் பேச்சின் நீளம் கூடும், அவள் சொல்லும் விஷயங்கள் குறையும்.

அங்கே போகிற பிள்ளைகள் எல்லோரும் குளிருக்குப் பயந்துதான் பெட்டி கட்டுகிறார்கள். காதை மூடும் குல்லாவும் கம்பளிச் சட்டையும் நேதாஜி மார்க்கெட் பக்கத்திலேயே வாங்கித் திணிக்கிறோம். என் அனுபவத்தில் குளிரைச் சமாளித்துவிடலாம், ஏனென்றால் வீடு, பேருந்து, வார்டு எல்லாவற்றிலும் சூடு இருக்கிறது. ஆளைச் சாய்ப்பது இருட்டு. ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கும் வேலூரில், ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் 11 மணி நேரத்துக்கு மேல் நீளம் உண்டு. 57 பாகையில் இருக்கும் அபர்டீனில் டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் 8.45 வாக்கில் எட்டிப்பார்த்து 3.30-க்கெல்லாம் மறைந்துவிடும், அதுவும் மேகம் விட்டால். காலை ஏழு மணிக்குப் பணிக்குள் நுழைந்து இரவு வெளியே வருகிற செவிலிக்கு அந்த ஏழு மணி நேரத்துக்கும் குறைவான பகல்கூடக் கண்ணில் படாமலே வாரங்கள் போகும்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் வந்தது 1984-இல்தான். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசந்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் ‘பருவகால மனச்சோர்வு’ என்று இதை விவரித்தார்கள். ரோசந்தால் தென்னாப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்து அமெரிக்காவின் வடகிழக்குக்குக் குடிபெயர்ந்தவர். தன் உடலே குளிர்காலத்தில் மந்தமாவதைக் கண்டவர். வெயிலூரிலிருந்து போகும் நம் பிள்ளைகளுக்கு அவர் ஒருவகையில் உறவுதான். காலை வெளிச்சம் கண்ணில் படுவது குறையும்போது உடலின் உட்கடிகாரம் பிந்துகிறது, தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் மெலடோனின் சுரக்கும் நேரம் நகர்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கங்களுள் ஒன்று. கோடையில் வரும் வகையும் உண்டு என்று அதே குழுவினர் பின்னர் எழுதினார்கள். வேலூரில் மே மாதத்தைக் கழித்தவர்களுக்கு அதற்கு ஆதாரம் தேவைப்படாது.

குளிர்கால வகையில் வீட்டார் ஏமாந்துபோகும் ஓர் அம்சம் இருக்கிறது. மனச்சோர்வு என்றால் தூக்கம் வராது, சோறு இறங்காது, ஆள் இளைத்துவிடுவாள் என்று நமக்குத் தெரியும். இதில் பெரும்பாலும் எல்லாம் தலைகீழ். தூக்கம் தூக்கமாக வரும், சோறும் ரொட்டியும் இனிப்பும் கேட்கும், எடை ஏறும், கைகால் ஈயம்போல் கனக்கும். போன கார்த்திகையில் அக்காவிடம் இதை எடுத்துச் சொன்னபோது, “நல்லா சாப்புடுறா, நல்லா தூங்குறா, அப்புறம் இன்னா அவளுக்கு?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கோபப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான தாய்மார்கள் கேட்பது இதைத்தான். ஆனால் நான் பேசும்போது அந்தப் பெண்ணின் குரல் வேறாக இருந்தது.

“மணி இன்னாடி அங்க?”

“நாலு, சித்தி.”

“இருட்டிடுச்சா?”

“அது எப்பவோ. லைட்டு கூடப் போடல. சும்மா படுத்திருக்கேன்.”

விளக்கைக்கூடப் போடாமல் படுத்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவளுக்கு நான் முதலில் சொன்னது தியானம் அல்ல. மருத்துவரிடம் நேரம் வாங்கு, தைராய்டையும் ரத்தச் சோகையையும் பார்க்கச் சொல், வைட்டமின் டி-யைத் தொடங்கு (இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கலாம் என்று அந்நாட்டு அரசே எல்லோருக்கும் சொல்கிறது), காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன் அரைமணி உட்காரலாமா என்று கேள் என்றேன். கண்நோய் உள்ளவர்களும், மனம் அளவுக்கு மீறி உச்சத்துக்கு ஏறும் இருதுருவ நோய் உள்ளவர்களும் அந்த விளக்கை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பதால்தான் ‘கேள்’ என்றேன். இவ்வளவையும் சொன்ன பிறகே மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று எல்லோர் வாயிலும் புழங்கும், அந்தந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் முழுக்கவனப் பயிற்சிக்கு வந்தேன். இந்த வரிசை முக்கியமானது என்றே இன்றும் நினைக்கிறேன். வெளிச்சம் இல்லாததால் வந்த குறையை மூச்சைக் கவனித்து நிரப்பிவிட முடியாது.

அப்படியானால் அந்தப் பயிற்சி எதற்கு? ஒரு டிசம்பர் காலையைப் பார்ப்போம். அலாரம் அடிக்கிறது. இமை பிரிய மறுக்கிறது, தொடை கனக்கிறது, நெஞ்சில் ஓர் இறுக்கம். இவ்வளவுதான் உடலில் நடப்பது. அடுத்த நொடியே மனம் பேசத் தொடங்கிவிடுகிறது: நான் எதற்கும் லாயக்கில்லை, ஊரைவிட்டு வந்ததே தப்பு, கூட வேலை செய்கிறவள் நேற்றுப் பார்த்த பார்வையே சரியில்லை, இன்னும் நான்கு மாதம் இப்படித்தான். கனத்த தொடைக்குப் பருவம் காரணம். அதன்மேல் ஏறி உட்காரும் இந்தப் பேச்சோ பழக்கத்தால் வருவது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன் தடத்தை ஆழமாக்கிக்கொண்டு, கடைசியில் மூன்று மணி நேர மந்தத்தை மூன்று வாரச் சோர்வாக மாற்றிவிடும். பயிற்சி தருவது அமைதியை அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் திறனைத் தருகிறது: இது தொடையின் கனம், இது மனம் சொல்லும் கதை என்று. அமைதி வந்தால் நல்லது. வராவிட்டாலும் பயிற்சி வீணாகவில்லை. இந்த ஒன்றைப் புரியவைக்காமல் ‘கண்ணை மூடு, மனதை வெறுமையாக்கு’ என்று சொல்லிக்கொடுப்பவர்களால்தான் பலர் இரண்டே நாளில் ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பிரித்துப் பார்த்தலுக்கு ஆய்வுப் பின்னணி உண்டு. ஜான் கபாட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வார வகுப்பு, தீராத வலியோடும் நோயோடும் வாழ்பவர்களுக்கானது. அதை மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக சிந்தல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூவரும் மாற்றியமைத்தார்கள். 2000-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களுள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு அது திரும்ப வந்தது. இந்த வகுப்புக்கும் சென்றவர்களில் 37 சதவீதம் பேருக்கே வந்தது. 2004-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலிலும் இது இடம்பெற்றது.

குளிர்கால வகைக்கு இதே பலன் கிடைக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், நலமாக இருக்கும் பருவத்தில் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த குளிர்காலச் சோர்வை அது தடுக்கவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் கெல்லி ரோஹன் 177 பேரை வைத்து நடத்திய ஆய்வில் எண்ணங்களையும் அன்றாடச் செயல்களையும் மாற்றக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சை, விளக்குக்கு இணையாக நின்றது. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது விளக்கைவிட மேலாகவே நின்றது. ஆகவே முழுக்கவனத்தை நான் ஒரு துணையாகவே வைத்திருக்கிறேன். விளக்கும் மருந்தும் பேச்சும் தத்தம் வேலையைச் செய்யட்டும். அவற்றைத் தினமும் கைவிடாமல் செய்யவும், நடுவில் மனம் அவிழ்த்துவிடும் கதைகளில் சிக்காமல் இருக்கவும் இது உதவும்.

அக்கா மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தவற்றில் அவளுக்கு ஒட்டிக்கொண்டது மிகச் சிறிய ஒன்று. பணிக்கு நடுவே, உடை மாற்றும் அறையில் நின்றபடியே மூன்று நிமிடம். இப்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்பது: எண்ணம் என்ன, உணர்ச்சி என்ன, உடலில் எங்கே பிடித்திருக்கிறது. பிறகு கவனத்தை மூச்சு ஒன்றின்மேல் மட்டும் குவிப்பது. அதன்பின் அதை முழு உடலுக்கும் அகட்டுவது: பாதம் தரையில் அழுந்துவது, தோள் உயர்ந்து நிற்பது, தாடை இறுகியிருப்பது. எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. அரைமணி உட்காரச் சொல்லியிருந்தால் அவள் செய்திருக்கவே மாட்டாள். பன்னிரண்டு மணி நேரப் பணியில் இருக்கும் செவிலியிடம் அப்படிச் சொல்வதும் நியாயமில்லை.

இன்னொன்று, மதிய இடைவேளையில் பத்து நிமிடம் வெளியே நடப்பது. இதில் இரண்டு நன்மைகள் சேர்கின்றன. மேகம் கவிந்த பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நல்ல விளக்கு எரியும் அறைக்குள்கூடச் சில நூறுதான். அத்துடன், குளிரை ‘குளிர்’ என்ற ஒற்றைப் பூதமாகப் பார்க்காமல் துண்டு துண்டாகப் பார்க்க அது ஒரு வாய்ப்பு. மூக்குத் துளைக்குள் சுரீர் என்று ஒரு குத்தல். கன்னத்தின் மேல்பகுதியில் எரிச்சல், கீழ்பகுதியில் மரமரப்பு. கையுறைக்குள் விரல்நுனி மட்டும் தனியாகத் துடிப்பது. வெளிவிடும் மூச்சு கண்ணெதிரே புகையாகி மறைவது. அபர்டீனின் பழைய கட்டடங்கள் சாம்பல்நிறக் கருங்கல்லால் ஆனவை. வேலூர்க் கோட்டைச் சுவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கருங்கல் புதிதல்ல. ஆனால் அந்த ஊர்க் கல்லில் மைக்கா அதிகம், மழை நின்று ஒரு கீற்று வெயில் பட்டால் சுவரே பொடிப்பொடியாக மினுங்கும். நான் அங்கே இருந்த முதல் குளிர்காலங்களில் அந்தச் சுவர்களை ஊர் முழுக்க ஒரே சாம்பல் என்றுதான் வெறுத்தேன். மினுங்குவதைக் காட்டித்தந்தது ஒரு ஸ்காட்டிஷ் நோயாளி. நான் எட்டு வார வகுப்பில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த எட்டு வார வகுப்பின் முதல் நாளில் ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, உருட்டி, முகர்ந்து, பிறகே மெல்லச் சொல்வார்கள். உலகம் முழுவதும் அப்படித்தான். எனக்கு அது அன்றும் ஒட்டவில்லை, இன்றும் ஒட்டவில்லை. வடார்க்காட்டில் பிறந்தவளுக்கு அதைவிட நல்ல பாடம் பிதுக்கம்பருப்பு. மார்கழி, தை என்றால் இங்கே மொச்சைக் காலம். இரவு ஊறவைத்த மொச்சையின் தோல் காலையில் சற்றே சுருங்கித் தளர்ந்திருக்கும். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், தோல் கையில் தங்கிவிட, வழுவழுவென்று ஒரு பருப்பு நழுவிக் கிண்ணத்தில் விழும். அதிகமாக அழுத்தினால் பருப்பு இரண்டாகப் பிளக்கும், அல்லது துள்ளி அடுப்படிக்கு அந்தப் பக்கம் போகும். அழுத்தம் போதாவிட்டால் தோல் வழுக்கிக்கொண்டே இருக்கும். விரல்நுனி நனைந்து சுருங்கும், பச்சை வாடை ஏறும். ஒரு குடும்பத்துக்கான குழம்புக்குப் பிதுக்க அரைமணியாவது ஆகும். அந்த அரைமணியில் கவனம் வேறெங்கோ போனால் விரலே சொல்லிவிடும். அபர்டீனில் பச்சை மொச்சை கிடைக்காது. இந்தியக் கடையில் காய்ந்த மொச்சை வாங்கி இரவு முழுக்க ஊறவைத்துவிட்டு, விடுமுறை நாளில் அவள் அங்கே பிதுக்க, நானும் அம்மாவும் இங்கே பிதுக்க, வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு அதிகம் இருக்காது. “சித்தி, சோம்பு எவ்வளோ?” என்று கேட்பாள். அந்த நாளில் அவள் விளக்கைப் போட்டிருப்பாள் என்பது எனக்குப் போதும்.

இனி நம் ஊர்க் குளிருக்கு வருகிறேன். பருவகால மனச்சோர்வு என்று இங்கே முத்திரை குத்துவது பொருந்தாது. பகல் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் புயல் ஒன்று கரையேறினால் வாரக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும். முழங்கால் பிடித்த முதியவர்கள் நடையை நிறுத்திவிடுவார்கள். நடை நின்றால் கோயில் வாசல் பேச்சும் டீக்கடைப் பேச்சும் நின்றுவிடும். எண்பதைத் தாண்டிய என் அம்மா மார்கழியில் மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். போர்வைக்குள் கிடந்தபடி, செத்துப்போனவர்களையெல்லாம் ஒவ்வொருவராக வரவழைத்து அழுவார். அவருக்கு மூச்சைக் கவனிக்கச் சொன்னால் மூச்சுத் திணறுகிறது என்கிறார். நெஞ்சுப் படபடப்பு உள்ள பலருக்கும் அப்படித்தான். அவருக்கு ஒத்துவந்தது பாதத்திலிருந்து தொடங்கி மேலே வருவது: கம்பளி படும் இடம், படாத இடம், சூடான இடம், சில்லிட்ட இடம். முழங்காலுக்கு வரும்போது வலியைத் தாண்டிக் குதிக்காமல், வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். வலி போவதில்லை. ஆனால் வலியிலிருந்து ‘யாருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்ற இடத்துக்குத் தாவுவது சில நாள் நடக்காமல் போகிறது.

நாலரை மணிக்கு ஒலிபெருக்கி தொடங்கிவிடும். சத்தத்தைச் சத்தமாக மட்டும் கேட்பதும் ஒரு பயிற்சிதான், அம்மாவும் அதைச் செய்வார். ஆனால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளப் பழகுவதும், அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல. எங்கள் தெருவில் நான் இரண்டையும் செய்கிறேன்.

மார்கழி பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: இந்த மாதத்து அதிகாலையில் ஓசோன் பூமிக்கு அருகில் இறங்கிவருகிறதாம், அதைச் சுவாசிக்கத்தான் முன்னோர் கோலம் போடச் சொன்னார்களாம். தரைமட்டத்தில் உருவாகும் ஓசோனுக்கு வெயில் வேண்டும், விடியலுக்கு முன் அது உருவாகாது. சுவாசித்தாலும் நுரையீரலுக்குக் கெடுதல்தான். இந்தக் கதைகள் இல்லாமலேயே கோலத்துக்கு மதிப்பு இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுகிறோம், குனிந்து நிமிர்கிறோம், எதிர்வீட்டுப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசுகிறோம், முடிக்கும்போது சூரியன் வந்துவிடுகிறது. மனச்சோர்வு உள்ளவரைப் படுக்கையிலிருந்து எழுப்ப மருத்துவர்கள் பரிந்துரைப்பவையும் ஏறக்குறைய இவைதான். சாணம் தெளித்த ஈரத் தரை பாதத்தில் சில்லிட, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே மாவு அறுந்துபோகாமல் விரலிலிருந்து இறங்கும் அந்தச் சில நிமிடங்கள் முழுக்கவனம்தான். மனம் சரியில்லாதவளிடம் ‘கோலம் போடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்; முப்பது நாளும் எழ முடியாதவளுக்கு அது இன்னொரு குற்றவுணர்வாகிவிடும்.

எழவே முடியாத நிலை இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, எந்தப் பயிற்சியையும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. பழைய கொடுமைகளின் நினைவு உள்ள சிலருக்குக் கண்ணை மூடி உட்காருவதே அந்த நினைவுகளைக் கிளறிவிடும். அவர்கள் தனியாகச் செய்யாமல், தெரிந்த ஒருவரின் துணையோடுதான் தொடங்க வேண்டும். நம் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கின்றன. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

அக்கா மகள் இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறாள். முதலில் கொடுத்த அளவு போதவில்லை என்று மாற்றியிருக்கிறார்கள். விளக்கை மார்ச் மாதத்தில் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அன்றிலிருந்தே மாலை சட்டென்று இருண்டுவிடும். அதனால் செப்டம்பரிலேயே அதை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளூரில் ஓர் எட்டு வார வகுப்பு அதே மாதம் தொடங்குகிறது, பெயர் கொடுத்துவிட்டாள். இந்தத் தை மொச்சையில் கொஞ்சம் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், ஊரிலிருந்து யாராவது போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.